எண்ணெயும் வெண்ணெய்ப் பழமும்

உணவைப் பற்றிய பேச்சு இன்று நம் இல்லங்களில் மிகுந்துவிட்டது. கொலஸ்ட்ரால் என்னும் சொல்லை அறியாத பாட்டிமார் அரியர். இல்லங்களைச் சந்திக்கச் செல்லும்போது நம்மிடம் அடிக்கடி கேட்கப்படும் வினா ஒன்றுண்டு: "சாமி, எண்ணெயை விட்டுவிட்டு வெண்ணெய்ப் பழம் சாப்பிட்டால் நல்லதாமே, உண்மையா?"

வினா எளிது, விடையைச் சற்று நிறுத்துப் பார்த்தே கூற வேண்டும்.

கடைகளில் பட்டர் ஃப்ரூட் எனப்படும் இப்பழத்தின் தாயகம் மெக்சிகோவும் நடு அமெரிக்காவுமாகும். எனினும் நமக்கு இது அந்நியமன்று. கீழ்ப்பழனி மலையில் காப்பித் தோட்டங்களின் ஊடே இம்மரங்கள் வளர்கின்றன. தடியன்குடிசையிலுள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இதில் ஒரு தனி இரகத்தையே வெளியிட்டுள்ளது.

கடலையெண்ணெயாயினும் நல்லெண்ணெயாயினும், 100 கிராம் எண்ணெய் ஏறத்தாழ முழுவதும் கொழுப்பே. அது தரும் வெப்ப ஆற்றல் சுமார் 900 கலோரி. 100 கிராம் வெண்ணெய்ப் பழச் சதையிலோ 73 கிராம் நீர். கொழுப்பு 15 கிராம். ஆற்றல் 160 கலோரி மட்டுமே. மேலும் 6 கிராமுக்கு மேல் நார்ச்சத்தும், 485 மில்லிகிராம் பொட்டாசியமும் அதில் உண்டு. எண்ணெயில் இவ்விரண்டும் இல்லை.

ஆயின், எண்ணெயை இகழ்தலும் முறையன்று. சூரியகாந்தி எண்ணெயில் வைட்டமின் ஈ நிறைய உண்டு. கீரையிலும் கேரட்டிலுமுள்ள கரோட்டின் உடலில் சேர்வதற்குக் கொழுப்பு துணைபுரிகிறது. அது தாளித்த எண்ணெயாயினும் பழமாயினும் பயன் தரும். வெண்ணெய்ப் பழக் கொழுப்பின் பெரும்பகுதி ஒலீயிக் அமிலம். கடலையெண்ணெயிலும் ஏறத்தாழப் பாதி அதுவே. எனவே விலையுயர்ந்த பழத்தை வாங்க இயலாத குடும்பத்தார் பிள்ளைகளுக்குக் குறை வைத்துவிட்டதாக வருந்த வேண்டுவதில்லை.

தாய்மார்கள் நினைவிற்கொள்ள வேண்டிய கணக்கு ஒன்றுண்டு. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி தரும். ஏறத்தாழ 75 கிராம் பழச்சதையும் அதே அளவு தரும். எண்ணெயைக் குறைத்து, அந்த இடத்தில் பழத்தை வைத்தால் நார்ச்சத்து நமக்கு இலாபம். பூரியும் வடையும் குறையாதிருக்க, பாலும் சீனியும் கலந்து அடித்த பழக்கூழையும் சேர்த்துப் பருகினால், உடல் எடை கூடுவதன்றி வேறு பயன் இராது.

அண்மையில் ஓர் இல்லத்தில் நாம் கண்டது இங்குக் குறிப்பிடத்தக்கது. குடும்பத் தலைவருக்குச் சிறுநீரகக் கோளாறு. மலையிலிருந்து வந்த உறவினர், எண்ணெயைவிட நல்லது என்று அன்போடு ஒரு பை நிறையப் பழம் கொணர்ந்திருந்தார். மருமகளோ, "மாமாவுக்குப் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள், டாக்டரைக் கேட்டுவிட்டுத் தருகிறேன்" என்று பழங்களை எடுத்து வைத்துவிட்டார். உறவினருக்குச் சற்று மனத்தாங்கல்தான். ஆயினும், அப்பெண்ணின் நிதானத்தை நாம் மெச்சினோம். உடல்நலமுள்ளோருக்கு நன்மை செய்யும் பொட்டாசியமே, சிறுநீரகம் தளர்ந்தோரின் குருதியில் மிகுந்தால் இதயத் துடிப்பைக் கெடுக்கும்.

ஆகவே, அன்பர்களே, எண்ணெயை அளந்து ஊற்றுங்கள். பொரித்த எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சாதீர்கள். பழம் கிடைத்தால், சீனியின்றிப் பகிர்ந்து உண்ணுங்கள். வீட்டில் நோயாளர் இருப்பின், அண்டை வீட்டாரின் அறிவுரைக்கு முன் மருத்துவரின் சொல்லைக் கேளுங்கள்.