ஒரே மாதிரி இரண்டு கொடைக்கானல்

திங்கள்

ஊர்ப்பெயர் தேடலுக்கான டெஸ்ட் ஒன்று காலையிலிருந்து சிவப்பு. ‘கொடைக்கானல்’ == ‘கொடைக்கானல்’ என்பது பொய் என்கிறது பைத்தான் டெஸ்ட் கருவியான பைடெஸ்ட். புதிதாகச் சேர்ந்த பெண் திரையை என் பக்கம் திருப்பினாள். “ரெண்டும் ஒண்ணுதானேக்கா, அப்புறம் ஏன் ஃபெயில் ஆகுது?” வேறுபாட்டைச் சுட்ட வேண்டிய கூம்புக் குறிகளும் எழுத்துக்கு நேரே நிற்கவில்லை. அவை குறியெண்களை எண்ணி நகர்கின்றன. திரையோ கொம்பையும் காலையும் மெய்யோடு ஒட்டி வரைகிறது.

நீளம் பார்த்தோம்: ஒன்று 11, மற்றது 12. யூனிகோடில் ‘கொ’வை இரண்டு விதமாக எழுதலாம். ககரத்துக்குப் பின் ஒகரக் குறி ஒன்றே (2965, 3018). அல்லது கொம்பும் காலும் தனித்தனியே (2965, 3014, 3006). இரண்டும் சமம் என்பது யூனிகோடு விதி. பைத்தானின் == அதைப் பார்ப்பதில்லை, எண்களை மட்டும் பார்க்கிறது.

செவ்வாய்

ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்கு மாற்றி நார்மலைஸ் செய்துவிடலாமே என்றார் டீமில் ஒருவர். டெஸ்ட் பச்சையாகும்தான். தேடல் பெட்டியில் தட்டுகிறவருக்கு ஊர் கிடைக்காதே! டெஸ்டின் வாயை அடைப்பதைவிட அதைத் தெளிவாகப் பேசவைக்கலாம்.

பைடெஸ்டில் அதற்கு வழி உண்டு. நாம் எழுதும் ஒரு ஃபங்ஷனிடம், ஒப்பீடு தோற்கும்போது இடது வலது மதிப்புகளைக் கொடுத்து, அது தரும் வரிகளை அச்சிடும். அந்த மதிப்புகளை இப்போது நம்பலாம். 2011-இல் வந்த 2.1 பதிப்புக்கு முன், தோற்ற வரியை மறுபடி ஓட்டித்தான் விளக்கம் சொல்லும். கோப்பைப் படிக்கும் வரி என்றால் இரண்டாம் முறை வேறு விடை வரலாம். விளக்கமே பொய்ச்சாட்சி ஆகிவிடும். இப்போது ஒப்பீடு நிற்கும் அஸர்ட் வரியையே முன்கூட்டி மாற்றியெழுதி, இடைமதிப்புகளைப் பிடித்துவைக்கிறது.

புதன்

அந்த ஃபங்ஷனை எழுதினேன். நார்மலைஸ் செய்தால் ஒன்றாகும் ஸ்ட்ரிங்குகளுக்கு மட்டும் இப்படிச் சொல்லும்: “பார்வைக்கு ஒன்று, குறியெண் வேறு. 2-ஆம் இடம்: இடது 3018, வலது 3014 3006.” ‘நார்மலைஸ் செய்க’ என்ற யோசனையை வெட்டிவிட்டேன். திருத்த வேண்டியது தரவா, தேடலா என்று செய்திக்கு எப்படித் தெரியும்?

வியாழன்

இன்று தோற்றது ஔவை சண்முகம் சாலை. ஒரு பக்கம் ‘ஔ’ என்ற ஓரெழுத்து, மறுபக்கம் ஒகரமும் ளகரமும். நார்மலைஸ் செய்தாலும் இவை ஒன்றாகா. ஆகவே நேற்றைய நிபந்தனையை எடுத்தாயிற்று. தமிழ் ஸ்ட்ரிங்குகள் எங்கே பிரிந்தாலும் குறியெண் வரும். “ரொம்ப நீளமா வருதேக்கா” என்றாள் புதியவள். முதல் வேறுபாட்டோடு நிறுத்தினால் போதும் என்றேன். அதை அவளே எழுதுகிறாள்.