மேலே வரச் சொல்லும் கடிகாரம்

தூத்துக்குடியில் சங்கு குளித்த அப்பாவால் இப்போது மாடிப்படி ஏற முடியாது. கம்ப்ரசர் காற்றைச் சுவாசித்தபடி ஆழத்தில் நெடுநேரம் இருந்துவிட்டு, சட்டென மேலே வந்த நாட்கள் பல. உடலில் கரைந்த நைட்ரஜன் குமிழ்களாகி மூட்டைக் கெடுத்துவிட்டது.

புதுச்சேரியில் ஸ்கூபா வேலைக்குச் சேர்ந்த மகன், டைவ் கம்ப்யூட்டர் வாங்கச் சேர்த்த பணம் கொஞ்சம்தான். வண்ணத்திரை, புளூடூத் இரண்டையும் ஒதுக்கினான். ஆழம், இன்னும் எத்தனை நிமிடம் தங்கலாம், வேகமாக ஏறினால் எச்சரிக்கை, 5 மீட்டரில் 3 நிமிட நிறுத்தம்... எல்லாம் சாதாரண மாடலிலேயே இருந்தன. எழுத்து பெரிதாகத் தெரிகிற, பேட்டரியைத் தானே மாற்றிக்கொள்கிற மாடலாகப் பார்த்து எடுத்தான்.

அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எப்ப மேல வரணும்னு இது சொல்லுமா?”

“சொல்லும்ப்பா.”

“எங்களுக்குப் பை நெறஞ்சாத்தான் மேல.”