நுழைவுச்சீட்டுக்கு முன்னால் சாப்பாட்டுக் கணக்கு

ஜூன் விடுமுறையும் ஆண்டிறுதி விடுமுறையும் நெருங்கும்போது பெற்றோர் சிலர் என்னிடம் கேட்கும் கேள்விகள் தமிழ்ப் பாடத்தைப் பற்றியவையாக இருப்பதில்லை. “டீச்சர், ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வருகிறார்கள். செந்தோசாவுக்கு ஒரு நாள் அழைத்துப் போக வேண்டும். எவ்வளவு ஆகும்?” என்பார்கள். நுழைவுச்சீட்டின் விலையை அவர்கள் முன்பே இணையத்தில் பார்த்து வைத்திருப்பார்கள். போக்குவரத்துக்கும் ஒரு தொகை மனத்தில் இருக்கும். சாப்பாட்டுக்கு எவ்வளவு என்று நான் திருப்பிக் கேட்டால், “அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்” என்ற பதில்தான் வரும்.

இந்த ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்ற சொல்லைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

பள்ளி திறந்ததும் ‘விடுமுறையில் நான் சென்ற இடம்’ என்று கட்டுரை எழுதச் சொல்வது எங்கள் தொழிலின் பழைய வழக்கம். (மாணவர்கள் அலுத்துக்கொள்வார்கள். உண்மையைச் சொன்னால், முப்பது கட்டுரைகளைத் திருத்தும் நாங்களும்தான்.) சில ஆண்டுகளுக்கு முன் தொடக்கநிலை ஐந்தில் ஒரு மாணவி எழுதியது இன்னும் நினைவில் நிற்கிறது. சுழல்வண்டிகளைப் பற்றியும் வரிசையில் நின்ற நேரத்தைப் பற்றியும் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள். பிறகு மதிய உணவு. அவர்கள் ஐந்து பேர். அப்பா நான்கு தட்டுகள் வாங்கி வந்தார். தனக்குப் பசியே இல்லை என்று அம்மா சொல்லிவிட்டார். தம்பி மிச்சம் வைத்ததை மட்டும் கடைசியில் சாப்பிட்டார். அந்த வரியில் ஒருமை பன்மைப் பிழை ஒன்று இருந்தது. அந்த இடத்தில் மட்டும் சிவப்பு மையைத் தொட எனக்கு மனம் வரவில்லை.

‘எனக்குப் பசி இல்லை’ என்பது நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வரும் பொய். அதைச் சொல்பவர் அநேகமாக அம்மாவாகவோ பாட்டியாகவோதான் இருப்பார். அன்றைய தினம் அந்தக் குடும்பம் வறுமையில் வாடியது என்று நான் கருதவில்லை. ஐந்து பேருக்கும் நுழைவுச்சீட்டு வாங்கியவர்கள்தாம் அவர்கள். குறை கணக்குப் போட்ட வரிசையில் இருக்கிறது. நுழைவுச்சீட்டு ஒரு கெட்டியான எண். அதில் ஒரு காசுகூடக் குறைக்க முடியாது. சாப்பாடு நெகிழ்ந்து கொடுக்கும் எண். எது நெகிழ்கிறதோ அதில்தான் எல்லாச் சுமையும் வந்து விழும். ஆகவே, முதலில் சாப்பாட்டுக் கணக்கு, அதிலும் தலைக்கு ஒரு முழுத் தட்டு என்று வைத்துவிட்டு, மீதிப் பணத்துக்கு எந்தப் பூங்கா கட்டுப்படியாகும் என்று பார்ப்பதே முறை என்பது என் எண்ணம். பணம் போதவில்லையென்றால் பூங்காவை மாற்றலாம். செந்தோசாவின் கடற்கரைகளில் பாய் விரித்துக் கட்டுச்சோறு உண்பதற்கு நுழைவுக் கட்டணம் எதுவும் இல்லை.

பூங்காவுக்குள் உணவு ஏன் விலை கூடுதலாக இருக்கிறது என்று பிள்ளைகள் கேட்டால் எளிதாக விளக்கலாம். உள்ளே போனவர் நண்பகலில் வேறெங்கும் போகமாட்டார். வெளியிலிருந்து உணவு கொண்டுவரவும் பொதுவாக அனுமதி கிடையாது. எதிர்க்கடை இல்லாத கடை அது. 2010ஆம் ஆண்டு இங்கே திறக்கப்பட்ட யுனிவர்சல் ஸ்டூடியோஸுக்கு மட்டும் உரியதன்று. உலகெங்கும் இதே கதைதான். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உள்ள டிஸ்னி உலகம் 2005இல் ‘உணவுத் திட்டம்’ ஒன்றையே தொடங்கியது. தங்கும் நாள்களுக்கான சாப்பாட்டுக்கு முன்கூட்டியே பணம் கட்டிவிட வேண்டும். 2020இல் நின்றுபோன அத்திட்டம் 2024 ஜனவரியில் மீண்டும் வந்தது. அதில் ஒரு வேடிக்கை: மூன்று முதல் ஒன்பது வயதுவரைதான் குழந்தைக் கட்டணம். பத்து வயதுப் பிள்ளை அங்கே பெரியவர்! பத்து வயதுப் பிள்ளை எவ்வளவு சாப்பிடும் என்பது அந்தந்த வீட்டு அம்மாவுக்குத்தான் தெரியும். முன்பணம் கட்டும் திட்டம் எதுவானாலும், “நம் பிள்ளை இதைச் சாப்பிட்டு முடிக்குமா?” என்ற கேள்வியைக் கேட்டுவிட்டே வாங்க வேண்டும்.

இங்கே நம் ஊரில் பெற்றோரைத் தடுமாற வைப்பது விலைப்பட்டியலின் ஓரத்தில் நிற்கும் இரண்டு கூட்டல் குறிகள். கடைகள் பொதுவாகப் பொருள் சேவை வரியையும் சேர்த்தே விலையை எழுத வேண்டும். சேவைக் கட்டணம் வசூலிக்கும் உணவகங்களுக்கும் ஹோட்டல்களுக்கும் மட்டும் அதில் விலக்கு உண்டு. எனவே மேசைக்கு வந்து பரிமாறும் இடங்களில் பட்டியலில் 18 வெள்ளி என்று இருந்தால் அது 18 வெள்ளி அன்று. முதலில் 10 விழுக்காடு சேவைக் கட்டணம் சேரும். 19 வெள்ளி 80 காசாகும். அந்தத் தொகையின்மேல் 9 விழுக்காடு வரி சேரும். 21 வெள்ளி 58 காசாகும். இரண்டையும் கூட்டி 19 விழுக்காடு என்று பலர் நினைக்கிறார்கள். சேவைக் கட்டணத்தின் மேலும் வரி உண்டு என்பதால் அது ஏறத்தாழ 20 விழுக்காடு. ஆறு தட்டுக்கு 108 வெள்ளி என்று மனக்கணக்குப் போட்டு உட்கார்ந்தவருக்கு 129 வெள்ளி 49 காசுக்கு ரசீது வரும். ஒரு தட்டின் விலையைவிடக் கூடுதலான தொகை வித்தியாசமாக நிற்கிறது. அடுத்த வேளையில் யாருக்குப் பசிக்காமல் போகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த வரி 1994இல் தொடங்கியபோது 3 விழுக்காடாக இருந்தது. 2007இல் 7, 2023இல் 8, 2024இல் 9 என்று ஏறியது. ஆண்டு விற்பனை பத்து லட்சம் வெள்ளிக்குமேல் உள்ள வணிகங்களே கட்டாயம் பதிந்துகொள்ள வேண்டும் என்பதால், உணவங்காடி நிலையத்தின் சிறு கடைகளில் பெரும்பாலும் எழுதிய விலையே கொடுக்கும் விலை. தொடக்கநிலை ஐந்து, ஆறில் விழுக்காடு படிக்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல கணக்குப் பாடம் கிடைக்காது.

நம் முன்னோர் உல்லாசத்துக்குப் போனதும் உண்டு, சாப்பாட்டைச் சுமந்து சென்றதும் உண்டு. 1923 முதல் 1987 வரை ஜாலான் புசாரில் ‘நியூ வோர்ல்ட்’ என்ற கேளிக்கைப் பூங்கா இருந்தது. லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்தே போய்விடலாம். இன்று அந்த இடத்தில் சிட்டி ஸ்குவேர் கடைத்தொகுதி நிற்கிறது. பழைய வாயில் மட்டும் நினைவுக்காகப் பாதுகாக்கப்பட்டுள்ளது. வீட்டிலிருந்து நடந்து போய் நடந்து திரும்பக்கூடிய தூரத்தில் பூங்கா இருந்தால் சாப்பாட்டுச் செலவு பெரிய சிக்கலாகாது. இன்று பூங்கா தீவுக்குப் போய்விட்டது. நாள் முழுவதும் அங்கேயே இருக்க வேண்டியிருக்கிறது.

ஆனால் அந்தத் தீவு நாம் நினைக்கும் அளவுக்குத் தொலைவில் இல்லை. வடகிழக்கு ரயில் பாதை 2003இல் திறந்ததிலிருந்து லிட்டில் இந்தியாவும் ஹார்பர்ஃபிரண்டும் ஒரே பாதையில் இருக்கின்றன. டோபி காட், கிளார்க் கீ, சைனாடவுன், ஊட்ரம் பார்க், அடுத்தது ஹார்பர்ஃபிரண்ட். ஐந்தாவது நிறுத்தத்தில் இறங்கிவிடலாம். அங்கிருந்து விவோசிட்டி வழியாகப் பாலத்தில் நடந்தோ செந்தோசா எக்ஸ்பிரஸ் ரயிலிலோ போகலாம். ஒரு நாளின் மூன்று வேளையில் இரண்டு வேளையைத் தேக்காவிலும் சிராங்கூன் சாலையிலும் வைத்துக்கொள்ள முடியும் என்பதை இந்த ஐந்து நிறுத்தங்கள்தாம் எனக்குக் காட்டிக்கொடுத்தன.

சென்ற விடுமுறையில் நாங்கள் எழுவர் போனோம். நானும் கணவரும், பிள்ளைகள் இருவர், என் மாமியார், தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த அண்ணனும் அண்ணியும். நுழைவுச்சீட்டு வாங்குவதற்கு முன் சாப்பாட்டுக்கென்று 240 வெள்ளியைத் தனி உறையில் போட்டேன். காலை உணவு 35, மதியம் 110, குளிர்பானம் பனிக்கூழ் முதலியவற்றுக்கு 30, இரவு 65. உறையின்மேல் ஏழு பெயர்களையும் எழுதினேன். எழுதியது பிள்ளைகளுக்காக அன்று, பெரியவர்களுக்காக. ஏனென்றால் அண்ணனுக்கு ஒரு பழக்கம். எந்த விலையைப் பார்த்தாலும் ரூபாயில் பெருக்கிவிடுவார். ஒரு வெள்ளி அறுபத்தைந்து ரூபாய்க்கும் மேல் போகும் காலத்தில், “ஒரு தட்டு சோறு ஆயிரம் ரூபாயா! எனக்கு வேண்டாம், காலையில் சாப்பிட்டதே போதும்” என்பார். “பணம் ஏற்கெனவே எடுத்து வைத்தாயிற்று அண்ணே, உங்கள் பெயரிலேயே இருக்கிறது” என்று உறையைக் காட்டியதும் அவரால் மறுக்க முடியவில்லை. விருந்தினரின் கூச்சத்துக்கு இதைவிட நல்ல மருந்தை நான் அறியேன்.

பூங்கா பொதுவாகப் பத்து மணிக்குத்தான் திறக்கும். ஆகையால் எட்டரை மணிக்குத் தேக்கா உணவங்காடி நிலையத்தில் இட்லி, தோசை, பொங்கல் என்று நிதானமாகச் சாப்பிட்டோம். 2020இல் யுனெஸ்கோ சிங்கப்பூரின் உணவங்காடிப் பண்பாட்டை மரபுடைமைப் பட்டியலில் சேர்த்த செய்தியை அண்ணியிடம் சொன்னேன். அவர் சாம்பாரை ருசி பார்த்துவிட்டு, “சேர்க்கலாம்” என்று தீர்ப்பளித்தார்! சிங்கப்பூர்க் குடும்பங்கள் இன்னொன்றையும் நினைவில் கொள்ளலாம். சமூக மேம்பாட்டு மன்றப் பற்றுச்சீட்டுகளைப் பங்கேற்கும் உணவங்காடிக் கடைகளில் பயன்படுத்த முடியும். பூங்காவுக்குப் போகும் நாளின் காலை உணவுக்கென்று கொஞ்சம் எடுத்துவைப்பதில் தவறில்லை.

மாமியார் கடும் சைவம். முட்டை சேர்ந்த கேக்கைக்கூடத் தொடமாட்டார். இத்தகைய பெரியவர்கள் உள்ள வீடுகளில்தான் ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்பது பெரும் துன்பமாக முடிகிறது. உள்ளே சைவ உணவு கிடைக்காது என்று நான் சொல்லவில்லை. ஆனால் களைத்துப்போன எழுபது வயதுக்காரரை வெயிலில் கடை கடையாக அழைத்துச் சென்று விசாரிப்பது முறையன்று. நான் தயிர்சாதம் கட்டினேன். சூடான சோற்றைப் பால் விட்டுக் குழையப் பிசைந்து ஒரு கரண்டித் தயிர் மட்டும் சேர்த்தால் நண்பகலில் புளிக்காமல் பக்குவமாக இருக்கும். (புளியோதரை இன்னும் நன்றாகத் தாங்கும். ஆனால் மாமியாருக்குத் தயிர்சாதம்தான் சாப்பாடு.) பையை வெளியே கட்டணப் பெட்டகத்தில் வைத்தோம். ஒரு மணிக்குக் கையில் முத்திரை பெற்றுக்கொண்டு நானும் மாமியாரும் வெளியே வந்து, நிழலில் அமர்ந்து அதை உண்டுவிட்டு மீண்டும் உள்ளே போனோம். பெட்டக வாடகையும் சாப்பாட்டுச் செலவுதான், உறையிலிருந்தே எடுத்தேன். உணவு, மறுநுழைவு பற்றிய விதிகளைக் கிளம்பும் முன் பூங்காவின் இணையத்தளத்தில் ஒருமுறை படித்துவிடுவது நல்லது. ரயிலில் மட்டும் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டாம். ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இது தெரியாது. அபராதம் 500 வெள்ளி வரை போகலாம்.

தண்ணீருக்குக் காசு கொடுக்கவே கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். குழாய்த் தண்ணீரே குடிக்கத் தக்க நாடு இது. ஆளுக்கு ஒரு புட்டி போதும்.

ஆசிரியர்களுக்கு ஒரு சொல். அன்று என் மகளைப் பொருளாளராக நியமித்திருந்தேன். ஒரு சிறு குறிப்பேட்டில் வரவு, செலவு, மீதி என்று மூன்று பத்தி, எல்லாம் தமிழில். ‘சேவைக் கட்டணம்’, ‘விழுக்காடு’, ‘ரசீது’, ‘பெட்டகம்’, ‘நபர்’ என்ற சொற்களை அவள் வகுப்பில் படித்திருந்தாள். ஆனால் அன்றுதான் அவை அவளுக்குத் தேவைப்பட்டன. சொற்களஞ்சியத் தாள்களில் பத்துமுறை எழுதவைத்தாலும் நடக்காதது அது. வாய்மொழித் தேர்வில் காணொளியைப் பார்த்துப் பேசும்போது பிள்ளைகள் இரண்டு வாக்கியத்தில் நின்றுவிடுகிறார்கள் என்று நாம் வருந்துகிறோம். குடும்பத்தின் பணத்தைப் பற்றித் தமிழில் பேச ஒருநாள் இடம் கொடுத்தால் என்ன நடக்கிறது என்று பாருங்கள்! மதியம் தம்பி இரண்டாவது பனிக்கூழ் கேட்டபோது அவள் கொடுத்த விளக்கம் ஏறத்தாழ ஐந்து நிமிடம் நீடித்தது. பெயர்ப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, “அம்மா, நீங்கள் இன்னும் சாப்பிடவில்லை” என்று அவள் என்னையும் ஒருமுறை கேட்டாள். நான் மாமியாரோடு வெளியே உண்டதை அவள் குறித்திருக்கவில்லை, சொன்னபின் குறித்துக்கொண்டாள்.

மாலை ஏழு மணிக்குப் பூங்காவை விட்டு, அதே ஐந்து நிறுத்தங்களைக் கடந்து வந்தோம். தேக்காவில் பல கடைகள் மாலையிலேயே மூடிவிடும். இரவு உணவுக்குச் சிராங்கூன் சாலைச் சைவ உணவகங்களே தோது. 1947 முதல் நடக்கும் கோமள விலாஸ் போன்றவை அங்கே இருக்கின்றன. எழுவரும் ஒரே மேசையில் அமர்ந்து சாப்பிட்டது அன்று அந்த வேளையில்தான். அண்ணன் ரூபாயில் பெருக்குவதை மறந்துவிட்டு இன்னொரு காப்பி கேட்டார்.

உறையில் மீதி 14 வெள்ளி 30 காசு. அதை உண்டியலில் போட வேண்டும் என்றாள் மகள். பனிக்கூழ் என்றான் மகன். மாமியார் இருவர் பேச்சையும் கேட்டுவிட்டு, பஃப்ளோ சாலைப் பூக்கடையில் தமக்கும் அண்ணிக்கும் எனக்கும் மல்லிகைச் சரம் வாங்கச் சொன்னார். ‘பூ’ என்பதைச் சாப்பாட்டுச் செலவில் எப்படி எழுதுவது என்று பொருளாளர் நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தாள்.