வால்வா, சில்லா? - ஒரு ஆம்ப் புராணம்

கிடார் வாங்குறதுன்னா ஊரே கூடி ஆலோசனை சொல்லும். ஸ்ட்ராட்டா, லெஸ் பாலா, மரம் என்ன, கலர் என்னன்னு மணிக்கணக்கா பேசுவாங்க. ஆம்ப்ளிஃபையர்னு வந்துட்டா மட்டும் "ஏதோ ஒரு பொட்டி, சவுண்டு வந்தா போதும்"னு முடிச்சிடுவாங்க. எலக்ட்ரிக் கிடார்ங்கிறது பாதி வாத்தியம்தான் மக்களே. மீதிப் பாதி அந்தப் பொட்டிக்குள்ள இருக்கு. நம்பிக்கை இல்லேன்னா ஆம்ப் இல்லாம ஒரு எலக்ட்ரிக் கிடாரை வாசிச்சுப் பாருங்க. கொசு பாடுற மாதிரி கேட்கும்.

கடந்த ரெண்டு மாசமா நான் தின்னது, தூங்கினது எல்லாம் இந்த ஆம்ப் யோசனையோடதான். ஒன்பதாங்கிளாஸ் பசங்களுக்குக் கணக்கு ட்யூஷன் எடுத்து ரெண்டு வருஷமா சேர்த்த காசு, 35,000 ரூபாய். எதிர்ல ரெண்டு பொட்டி. ஒண்ணு, சீனியர் அண்ணன் ஒருத்தர் வெளிநாடு போறதால "தம்பி விலைக்கு" தர்றேன்னு சொன்ன ஃபெண்டர் ஹாட் ராட் டீலக்ஸ். 40 வாட் வால்வ் ஆம்ப். இன்னொண்ணு புதுசு, பாஸ் கட்டானா 50. வால்வும் கிடையாது ஒண்ணும் கிடையாது, உள்ளுக்குள்ள கணக்கு போட்டே வால்வ் மாதிரி சத்தம் குடுக்கிற வகை.

வால்வ்னா என்னன்னு கேட்கிறவங்களுக்கு: தாத்தா காலத்து ரேடியோவுக்குள்ள ஆரஞ்சு வெளிச்சத்தோட கண்ணாடிக் குழாய் இருக்குமே, அதேதான். உலகம் பூரா டிரான்சிஸ்டருக்கு மாறி அரை நூற்றாண்டுக்கு மேல ஆச்சு. கிடார்காரங்க மட்டும் விடாப்பிடியா அதைப் பிடிச்சுட்டுத் தொங்குறாங்க. காரணம் இருக்கு. தாங்க முடியாத அளவுக்கு சிக்னலைக் கொடுத்தா வால்வ் மெதுவா மழுங்கும். அந்த மழுங்கல்தான் நாம ராக் கிடார்னு சொல்ற அந்தக் கரகரப்பு. சாதாரண டிரான்சிஸ்டரை அதே மாதிரி முறுக்கினா கத்தியால வெட்டின மாதிரி அலை உச்சியை வெட்டிடும். காதுக்கு அது முள்ளு மாதிரி குத்தும்.

இதுல வேடிக்கை என்னன்னா, இந்தக் கரகரப்பை யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டுக் கண்டுபிடிக்கலை. ஃபெண்டர் பாஸ்மேன்னு ஒரு ஆம்ப். பேரிலேயே இருக்கு, பாஸ் கிடாருக்காக 1952ல வந்தது. கிடார்காரங்க அதைத் தூக்கிட்டுப் போய் முறுக்கி வாசிச்சாங்க. லண்டன் ஹான்வெல்ல ட்ரம்ஸ் கடை வெச்சிருந்த ஜிம் மார்ஷல் (மனுஷன் ட்ரம்ஸ் வாத்தியார்!) கடைக்கு வர்ற பசங்க கேட்டாங்கன்னு, 1962ல அந்த பாஸ்மேனைப் பார்த்து ஜேடிஎம்45னு ஒண்ணு பண்ண வெச்சார். மார்ஷல் வம்சம் அங்கே ஆரம்பம். அப்புறம் தி ஹூ பேண்டோட டவுன்ஷெண்டும் என்ட்விஸலும் "இது பத்தாது, இன்னும் சத்தம் வேணும்"னு கேட்கப் போக 100 வாட் வந்தது. ஆக, ஒரு பாஸ் ஆம்ப்பைக் காப்பியடிச்சு ஒரு ட்ரம்ஸ் வாத்தியார் விற்ற பொட்டிதான் ராக் கிடாரோட சத்தம் ஆச்சு!

சரி, மேட்டருக்கு வருவோம். கவர் பேண்டோட தலைவலியே தனி. சொந்தப் பாட்டு வாசிக்கிறவனுக்கு ஒரு நல்ல டோன் போதும், அதுவே அவன் அடையாளம். நாங்க வாசிக்கிறது அடுத்தவன் பாட்டு. ஒரு மணி நேரத்துல பீட்டில்ஸ், பிங்க் ஃப்ளாய்ட், ஏசி/டிசி, மெட்டாலிகான்னு நாலு ஊர் சுத்தணும். பீட்டில்ஸுக்கும் குயின் பேண்டோட பிரையன் மேக்கும் வாக்ஸ் ஏசி30. கில்மர் மேடையில வெச்சது 100 வாட் ஹைவாட். அதை க்ளீனாவே விட்டுட்டு முன்னாடி பெடல் போட்டு அழ வைப்பார். ஆங்கஸ் யங்குக்கு மார்ஷல். மெட்டாலிகாவோட 1986 மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ் ஆல்பத்துல மேசா பூகி. இதையெல்லாம் வாங்கணும்னா கிட்னி ரெண்டு பத்தாது :-)

நல்ல வேளையா கேட்க வர்றவங்க யாரும் அந்த அளவுக்குப் பார்க்கிறதில்லை. க்ளீன் ஒண்ணு, பாதிக் கரகரப்பு ஒண்ணு, முழுக் கரகரப்பு ஒண்ணு, சோலோ வரும்போது கொஞ்சம் சத்தம் கூட்ட ஒரு வழி. இந்த நாலும் கால்ல மாத்துற மாதிரி இருந்தா கவர் பேண்ட் பிழைச்சுக்கும். ஹாட் ராட் டீலக்ஸோட க்ளீன் இருக்கே, அடடா. அதுக்கு ஈடு இல்லை. ஆனா அதோட டிரைவ் சேனல் எனக்குச் சுத்தமா பிடிக்கலை. மெட்டாலிகா வேணும்னா பெடல் தனியா வாங்கணும், அந்தக் காசு தனி. கட்டானாவில எல்லாமே உள்ள இருக்கு. எதுவும் பிரமாதம் இல்லை, எதுவும் மோசமும் இல்லை. முதல் பெஞ்ச் பையன் மாதிரி எல்லா சப்ஜெக்ட்லயும் 75 மார்க்.

அப்புறம் இந்த வாட் விவகாரம். "40 வாட் வேணுமா 100 வாட் வேணுமா"ன்னு நம்ம பசங்க ஏதோ பைக் சிசி மாதிரி பேசுறாங்க. வாட் ரெண்டு மடங்கானா சத்தம் ரெண்டு மடங்கு ஆகாதுங்க. 3 டெசிபல்தான் கூடும், கவனிச்சாதான் தெரியும். காதுக்கு ரெண்டு மடங்குன்னு தோணணும்னா சுமார் 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட் வேணும். 50 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு நல்ல ஸ்பீக்கரே ஈடு கட்டிடும். ஸ்பீக்கர் சென்சிட்டிவிட்டின்னு ஒரு கணக்கு போட்டிருப்பான் பாருங்க, 97, 100னு. அதுல 3 கூடினா ஆம்ப் வாட்டை இரட்டிப்பாக்கினதுக்குச் சமம். யாரும் அதைப் பார்த்து வாங்கி நான் பார்த்ததில்லை.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டா ஒரு சோகம் தெரியும். கட்டானா 50ல 0.5 வாட்னு குறைச்சுக்க ஒரு வசதி இருக்கு. நூறுல ஒரு பங்கு பவர். சத்தம் நூறுல ஒரு பங்கா ஆகுமா? 20 டெசிபல்தான் குறையும், காதுக்குச் சுமார் கால்வாசி. அதாவது அரை வாட்டே பக்கத்து வீட்டுப் பாட்டியை எழுப்பப் போதும். வால்வ் ஆம்ப்ல நிலைமை இன்னும் கஷ்டம். வால்வ் நல்லா சூடாகி மழுங்கினாத்தான் அழகு, அந்த அழகு வர்றதுக்குள்ள தெருவே எழுந்துடும். ஹாட் ராட் டீலக்ஸ்ல வால்யூம் ரெண்டைத் தாண்டினாலே வீட்ல இருக்கவங்க வாசலுக்கு வந்துடுவாங்க. பன்னிரண்டு வரைக்கும் நம்பர் எதுக்குப் போட்டான்னே தெரியலை.

பேண்ட்ல வாசிக்கிறவங்க கட்டாயம் கவனிக்க வேண்டிய ஒண்ணு: ரூம்ல தனியா வாசிக்கும்போது பாஸ் தூக்கி, ட்ரெபிள் தூக்கி, மிட்டைக் குறைச்சா "ஆஹா, ஆல்பத்துல கேட்ட மாதிரியே"ன்னு இருக்கும். அதே செட்டிங்கோட பேண்டுக்குப் போங்க, உங்க கிடார் காணாமப் போயிடும். அடியில பாஸ் கிடாரும் கிக் ட்ரம்மும் உட்கார்ந்திருக்கும், மேலே சிம்பல் உட்கார்ந்திருக்கும். கிடாருக்குன்னு இருக்கிற ஒரே சீட்டு நடுவுல, அந்த மிட்லதான். அதை நீங்களே காலி பண்ணிட்டு "ட்ரம்மர் ஓவரா அடிக்கிறான்"னு சண்டை போட்டா என்ன நியாயம்? கெயினும் அப்படித்தான். ஏசி/டிசி சத்தத்துல நீங்க நினைக்கிறதுல பாதிகூட கெயின் இருக்காது. மீதி கை.

கடைசியில ரெண்டு ஆம்ப்பையும் ஒரே நாள் ப்ராக்டிஸ் ரூமுக்குக் கொண்டு வந்து வாசிச்சுப் பார்த்தோம். (கட்டானா, நண்பனோட நண்பன்கிட்ட ஓசி.) அதே கிடார், அதே மூணு பாட்டு. ரூம் கடைசியில ஒரு ஃபோனை வெச்சு ரெக்கார்ட் பண்ணினோம்.

வாசிக்கிறவனா சொல்றேன், வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். வால்வ் ஆம்ப்ல பிக்கை மெதுவா வெச்சா பேசுது, அழுத்தினா கத்துது. கிடார் வால்யூமை பத்துல இருந்து ஆறுக்குக் குறைச்சா கரகரப்பு கரைஞ்சு க்ளீன் ஆகுது, பெடலைத் தொடவே வேண்டாம். கைக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவுல யாரும் இல்லாத மாதிரி ஒரு உணர்வு. கட்டானா இதுல பக்கத்துல வருது, ஆனா பக்கத்துலதான் வருது.

மறுநாள் கேன்டீன்ல ஆறு பேருக்கு அந்த ரெக்கார்டிங்கைப் போட்டுக் காட்டினேன், எது எதுன்னு சொல்லாம. சரியாச் சொன்னது ஒரே ஒருத்தன், எங்க ட்ரம்மர். எப்படிடா கண்டுபிடிச்சேன்னு கேட்டா, "பாட்டு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணுல உம்ம்ம்னு சத்தம் வந்துது மச்சி, பழசுதான் அப்படி இரையும்"ங்கிறான். டோனைக் கேட்டுச் சொன்னவன் ஒருத்தன்கூட இல்லை!

அப்ப 35,000 ரூபாயைக் கேட்கிறவங்களுக்காகச் செலவு பண்றதா, என் கைக்காகவா? இதுக்குத்தான் ரெண்டு வாரம் மண்டை காய்ஞ்சேன். கேட்கிறவங்களுக்குன்னா விடை ஈஸி. கைக்குன்னாலும் ஈஸி. ரெண்டுக்கும் நடுவுல நின்னா தூக்கம் போயிடும்.

நடுவுல பாஸிஸ்ட் இன்னொரு குண்டு போட்டான். "ஆம்ப்பே எதுக்குடா? கல்லூரி விழாவுல எல்லாம் மேடையில ஏற்கெனவே ஆம்ப் வெச்சிருக்கான். ஒரு மாடலிங் பெடல் வாங்கி நேரா மிக்ஸர்ல குத்திடு." தப்பா சொல்லலை. லைன் 6 காரன் 1996லயே ஆக்ஸிஸ் 212ன்னு மாடலிங் ஆம்ப் விட்டுட்டான், இன்னிக்குப் பெரிய பெரிய பேண்டுகளே ஆம்ப் இல்லாமத்தான் ஊர் ஊராப் போறாங்க. ஆனா வெறும் டிஸ்டார்ஷன் பெடலை நேரா மிக்ஸர்ல குத்தினா குளவிக் கூட்டைக் கலைச்ச மாதிரி வரும். கிடார் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல பெருசா எதையும் வெளியே விடாது, அந்தக் குறைதான் அதோட அழகு. பி.ஏ. ஸ்பீக்கர் எல்லாத்தையும் விட்டுடும். அதனால கேபினெட் சிமுலேஷன் இருக்கிற பெடலா பார்க்கணும். நான் வேண்டாம்னு சொன்னதுக்குக் காரணம் வேற. எங்க ப்ராக்டிஸ் ரூம்ல மானிட்டர் கிடையாது. மிக்ஸர்ல குத்திட்டு நான் வாசிக்கிறது எனக்கே கேட்காது.

இன்னொரு சமாச்சாரம், சிரிக்காம படிங்க. போன வருஷம் ஒரு ஹால்ல சவுண்ட் செக் பண்ணும்போது எங்க பாடகனுக்கு மைக்ல உதடு பட்டதும் சுரீர்னு ஷாக். அவன் கழுத்துலயும் ஒரு கிடார் தொங்கிட்டிருந்தது. கிடார் கம்பி ஆம்ப் வழியா எர்த் ஆகுது, மைக் மிக்ஸர் வழியா எர்த் ஆகுது. ரெண்டுல ஒண்ணுக்கு எர்த் சரியில்லேன்னா நடுவுல இருக்கிற மனுஷன்தான் வயர். 1972ல ஸ்டோன் தி க்ரோஸ் பேண்டோட கிடாரிஸ்ட் லெஸ் ஹார்வி ஸ்வான்ஸீல மேடையிலேயே இப்படித்தான் செத்துப் போனார். மூணு பின் பிளக்ல எர்த் பின்னை உடைச்சுட்டுக் குத்துற பழக்கம் நம்ம ஊர்ல இருக்கு பாருங்க, தயவுசெஞ்சு வேண்டாம். ஆம்ப்புக்கும் மிக்ஸருக்கும் ஒரே இடத்துல இருந்து கரண்ட் எடுங்க. பாடுறதுக்கு முன்னாடி மைக் வலையில டெஸ்டரை வெச்சுப் பாருங்க, எரிஞ்சா மேடையை விட்டு இறங்கிடுங்க. எவ்வளவு பெரிய விழாவா இருந்தாலும்.

பழைய வால்வ் ஆம்ப் வாங்குறவங்களுக்கு இன்னும் ரெண்டு வார்த்தை. அமெரிக்காவில இருந்து வந்த பொட்டியா இருந்தா 120 வோல்ட்டா 230 வோல்ட்டான்னு பின்னால படிச்சுப் பாருங்க. ஸ்பீக்கர் ஒயரைக் கழட்டிட்டு ஆன் பண்ணாதீங்க, டிரான்ஸ்ஃபார்மர் போயிடும். உள்ளே நானூறு வோல்ட் கிட்ட ஓடும், ஆஃப் பண்ணி பிளக்கைப் பிடுங்கினாலும் கெப்பாசிட்டர்ல மிச்சம் உட்கார்ந்திருக்கும். யூட்யூப் பார்த்து ஸ்க்ரூ டிரைவரோட உள்ளே இறங்கக்கூடாது. வால்வ் தேய்ஞ்சா மாத்தணும், பவர் வால்வை ஜோடியா மாத்தணும், பயாஸ் பார்க்கத் தெரிஞ்ச ஆளைத் தேடணும். ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனான்னு விரல் விட்டு எண்ணுற இடங்கள்ல இருந்துதான் வருது. 2022ல ரஷ்யாவில இருந்து வர்றதுல சிக்கல் ஆனப்போ உலகம் முழுக்க கிடார்காரங்க வால்வைப் பதுக்கினாங்க.

என் முடிவைத் தீர்மானிச்சது இதெல்லாம் இல்லை. மே மாசத்தோட எங்க பேண்ட் முடிஞ்சுது. ட்ரம்மருக்குப் பெங்களூர்ல வேலை கிடைச்சாச்சு, பாஸிஸ்ட் புனே போறான், பாடகன் மேல படிக்கப் போறான். யாரும் வாய் விட்டுச் சொல்லலை, எல்லாருக்கும் தெரியும். அதுக்கப்புறம் இந்தப் பொட்டி இருக்கப் போறது எங்க வீட்டு ரெண்டாவது மாடியில, பத்துக்குப் பத்து ரூம்ல, லிஃப்ட் இல்லாம. இருபது கிலோ வால்வ் ஆம்ப்பை அங்கே ஒன்றரையில வெச்சு வாசிக்கிறது, யானையைக் கட்டி எலியைப் பிடிக்கச் சொல்ற மாதிரி. ட்ரம்ஸ் இல்லாத ரூம்ல அதுக்கு வேலையே இல்லை.

கட்டானாவை வாங்கிட்டேன். கிட்டத்தட்ட 12 கிலோ, ஒத்தைக் கையில தூக்கிட்டு மாடி ஏறலாம். ராத்திரியில ஹெட்போன். மீதிக் காசுல ஃபுட் ஸ்விட்ச் வாங்கணும், மிச்சமிருக்கிற மூணு கச்சேரிக்கு அது இல்லாம முடியாது.

சீனியர் அண்ணன்கிட்ட ஃபோன்ல சொன்னப்போ, "நீ எடுப்பேன்னு நினைச்சேன்டா தம்பி"ன்னு மட்டும் சொன்னார். அது கொஞ்சம் உறுத்திச்சு. போன வாரம் அதை ஒரு சர்ச்ல கிடார் வாசிக்கிறவர் வாங்கிட்டுப் போயிட்டாராம். நல்ல கைக்குத்தான் போயிருக்கு, அந்த க்ளீனுக்கு ஏத்த வேலை. வால்யூமை ரெண்டுக்கு மேல வைக்க ஃபாதர் விடுவாரான்னுதான் தெரியலை.