“வெல்டிங் வேலை பார்த்திருக்கீங்களா?” - எம்.ஆர்.ஐ ஸ்கேனுக்கு முன் பெரியப்பாவை நிறுத்திய ஒரு கேள்வி

எங்கள் ஊர் பெரியதாழையில் கழுத்துவலி வந்தால் முதலில் தைலம், அடுத்து பத்து, அதற்கும் கேட்கவில்லை என்றால் ஓர் ஊசி. இவை எல்லாம் முடிந்த பிறகுதான் பெரிய டாக்டர். என் பெரியப்பாவும் இந்த வரிசைப்படிதான் போனார். முப்பது வருஷத்துக்கு மேல் கடல் தொழில் பார்த்தவர். மணலில் வள்ளம் தள்ளித் தள்ளித் தேய்ந்த கழுத்து. வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டார். வலது கை விரல்கள் மரத்துப்போய், வலையில் முடிச்சுப் போட முடியாமல் போனபோதுதான் பயந்தார். இடையிடையே தலைச்சுற்றலும் இருந்தது. திருநெல்வேலியில் நரம்பு டாக்டர், “மூளைக்கும் கழுத்துக்கும் சேர்த்து எம்.ஆர்.ஐ எடுத்துட்டு வாங்க” என்று எழுதிக் கொடுத்தார்.

அன்று ராத்திரியே எனக்கு போன். “எய்யா, அந்தக் குழாய்க்குள்ள போனா கதிரு பாஞ்சு கேன்சர் வருமாமே, உண்மையா?”

டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்ப்பவனுக்கு வீட்டில் இன்னொரு வேலையும் உண்டு. வாட்ஸ்அப்பில் வருவதில் எது நிஜம், எது புரளி என்று சொல்ல வேண்டும். அவருக்காகத் தேடியும், டாக்டரிடமும் ஸ்கேன் மையத்திலும் கேட்டும் தெரிந்துகொண்டவற்றை உங்களுக்கும் சொல்கிறேன்.

கதிர் இல்லை, காந்தம் உண்டு

எக்ஸ்ரே, சி.டி ஸ்கேன் இரண்டிலும் எக்ஸ் கதிர்கள் உண்டு. எம்.ஆர்.ஐ-யில் கிடையாது. நம் உடம்பில் உள்ள தண்ணீரிலும் கொழுப்பிலும் ஹைட்ரஜன் அணுக்கள் இருக்கின்றன. பெரிய காந்தமும் ரேடியோ அலைகளும் அவற்றிலிருந்து சிக்னலை எழுப்ப, கம்ப்யூட்டர் அதைப் படமாக மாற்றுகிறது. இதற்கு வழிகாட்டிய பால் லாட்டர்பர், பீட்டர் மேன்ஸ்ஃபீல்டு இருவருக்கும் 2003-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

எனவே கேன்சர் பயம் வேண்டாம். கவனிக்க வேண்டியது காந்தத்தை. பரவலாகப் பயன்படும் 1.5 டெஸ்லா மெஷினின் காந்தப்புலம், நம் ஊரில் பூமிக்கு இருக்கும் காந்தப்புலத்தைப்போல 30,000 மடங்குக்கும் மேல். பெரும்பாலான மெஷின்களில் மைனஸ் 269 டிகிரி குளிரில் திரவ ஹீலியத்துக்குள் அந்தக் காந்தம் இருக்கிறது. ஸ்கேன் ஓடாத நேரத்திலும், ராத்திரியிலும் அது வேலை செய்துகொண்டேதான் இருக்கும். ஃபேன் மாதிரி சுவிட்சைத் தட்டி நிறுத்த முடியாது.

இது தெரியாததால் உயிர்கள் போயிருக்கின்றன. 2018 ஜனவரியில் மும்பை நாயர் மருத்துவமனையில், நோயாளிக்குத் துணையாக வந்த 32 வயது உறவினர் ஆக்சிஜன் சிலிண்டரோடு ஸ்கேன் அறைக்குள் போனார். காந்தம் சிலிண்டரோடு அவரையும் இழுத்தது, இறந்துபோனார். 2025 ஜூலையில் நியூயார்க் மாநிலத்தில், ஸ்கேன் முடிந்த மனைவிக்கு உதவ உள்ளே போனவர், கழுத்தில் போட்டிருந்த கனமான உடற்பயிற்சிச் சங்கிலியால் இழுக்கப்பட்டு உயிரிழந்தார். இரண்டு பேருமே நோயாளிகள் இல்லை என்பதைக் கவனியுங்கள். துணைக்குப் போகிறவர்களுக்கும் எல்லா விதிகளும் உண்டு.

அந்தக் கேள்வித்தாள் சும்மா அல்ல

ஸ்கேன் மையத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். முழுக்க ஆங்கிலம். பெரியப்பா யாரையோ கேட்டு, எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று டிக் அடித்துக் கொடுத்துவிட்டார். சுகர் இல்லை, ஆபரேஷன் இல்லை, பேஸ்மேக்கர் இல்லை. எல்லாம் சரிதான். ஆனால், டெக்னீஷியன் படிவத்தைத் தள்ளி வைத்துவிட்டு, அவரைப் பார்த்துத் தமிழில் கேட்டார். “என்ன தொழில் பார்த்தீங்க?”

“கடல் தொழில்.”

“வேற வேலை? வெல்டிங், கிரைண்டிங் ஏதாவது?”

நடுவில் நாலைந்து வருஷம் பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்தது அப்போதுதான் பெரியப்பாவுக்கு நினைவுக்கு வந்தது. ஒருமுறை கண்ணில் இரும்புத்தூள் தெறித்து, அதை எடுத்ததும்! “அது இருவது வருசத்துக்கு முந்தின கதைல்லா” என்றார். டெக்னீஷியன் ஸ்கேனை நிறுத்திவிட்டார். கண்ணுக்கு எக்ஸ்ரே எடுத்து, உள்ளே எதுவும் இல்லை என்று ரேடியாலஜி டாக்டர் சொன்ன பிறகுதான் உள்ளே விட்டார்கள்.

இது வெற்று எச்சரிக்கை அல்ல. கண்ணுக்குள் தெரியாமல் தங்கியிருந்த உலோகத் துணுக்கு எம்.ஆர்.ஐ காந்தத்தில் நகர்ந்து, தகரத் தொழிலாளி ஒருவருக்கு ஒரு கண் பார்வை போனது 1986-லேயே மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. பட்டறை, லேத், போட் ரிப்பேர் வேலை பார்த்தவர்கள் எங்கள் கரையில் வீட்டுக்கு ஒருவர் இருப்பார்கள். உங்கள் வீட்டிலும் இருக்கலாம்.

கேட்காவிட்டாலும் நீங்களே சொல்ல வேண்டியவை:

* பேஸ்மேக்கர், மூளை ரத்தக்குழாயில் போட்ட கிளிப், காதுக்குள் வைத்த காக்ளியர் கருவி, மூளை நீரை வடிக்கும் ஷன்ட், இதய ஸ்டென்ட், எலும்பில் வைத்த கம்பி, பிளேட்.
* உடம்பில் எங்காவது தங்கிப்போன உலோகத் துண்டு. உடைந்த தூண்டில் முள்ளும் இதில் சேர்த்தி.
* கர்ப்பம், அல்லது கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம்.
* சிறுநீரகக் கோளாறு, அலர்ஜி.

இவற்றில் பல இருந்தாலும் ஸ்கேன் எடுக்க முடியும். எந்த வகை, எந்த கம்பெனி என்பதுதான் முக்கியம். அதனால் ஆபரேஷன் செய்த இடத்தில் கொடுத்த அட்டையையும் டிஸ்சார்ஜ் சீட்டையும் கையோடு கொண்டு போங்கள்.

தாலி முதல் தாயத்து வரை

நகை, வாட்ச், செல்போன், ஏ.டி.எம் கார்டு, பெல்ட், ஹேர்பின், காது மெஷின், கழற்றி மாட்டும் பல் செட் எல்லாம் வெளியே. இரும்பைப் போலத் தங்கத்தைக் காந்தம் இழுக்காது. ஆனாலும் சூடாகலாம், படத்தைக் கெடுக்கலாம். மூளைக்கும் கழுத்துக்கும் எடுக்கும்போது கம்மலும் மூக்குத்தியும் செயினும் படம் எடுக்கும் இடத்திலேயே இருக்கின்றன. தாலியைக் கழற்ற மனம் வராத பெண்கள், முந்தின நாளே மஞ்சள் கயிற்றை மட்டும் கட்டிக்கொள்ளலாம். பெரியப்பா அரைஞாண் கயிற்றில் கோத்திருந்த தாயத்தையும், கழுத்தில் கிடந்த மாதா சுரூபத்தையும் கழற்றிப் பெரியம்மா கையில் கொடுத்தார். கண் மை, ஜரிகைத் துணி, மருந்து ஒட்டிய பிளாஸ்டர் ஆகியவற்றையும் தவிர்க்க வேண்டும். பச்சை குத்தியிருந்தால் சொல்லிவிடுங்கள்.

உள்ளே என்ன நடக்கும்?

மல்லாந்து படுக்க வைத்து, தலைக்கும் கழுத்துக்கும் கூண்டு போன்ற ஒன்றை மாட்டுவார்கள். பலரும் பயப்படுவது இதற்குத்தான். உள்ளே போகும் முன்பே கண்ணை மூடிக்கொள்வது நல்லது. கையில் ஒரு ரப்பர் பந்து தருவார்கள். முடியவில்லை என்றால் அழுத்தினால் போதும், வெளியே எடுத்துவிடுவார்கள். மூடிய இடம் என்றாலே மூச்சு முட்டுபவர்கள் முன்பே டாக்டரிடம் சொன்னால், தேவைப்பட்டால் மாத்திரை தருவார். அன்றைக்கு பைக் ஓட்டக் கூடாது.

சத்தம் பலமாக இருக்கும். காதில் அடைப்பான் கேட்டு வாங்குங்கள். பெரியப்பா பாஷையில், “ரெண்டு வள்ளத்து மோட்டார் காதுகிட்ட ஓடுன மாதிரி!”

மூளை, கழுத்து இரண்டுக்கும் சேர்த்து முக்கால் மணி நேரம் முதல் ஒரு மணி நேரம்வரை ஆகலாம். அதுவரை அசையக் கூடாது. கழுத்தைப் படம் எடுக்கும்போது எச்சில் விழுங்கினாலும் படம் கலங்கும். சத்தம் நிற்கும் இடைவெளியில் விழுங்கிக்கொள்ளலாம். இருமல், சளி இருந்தால் முன்பே சொல்லுங்கள்.

சிலருக்கு கையில் ‘காடோலினியம்’ மருந்து ஏற்றிப் படம் எடுப்பார்கள். எல்லோருக்கும் தேவையில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு முன்பே கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்ப்பது வழக்கம். கர்ப்பிணிகளுக்குக் கூடியவரை தவிர்ப்பார்கள். சாப்பிட்டுவிட்டு வரலாமா என்பதை அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே கேளுங்கள்.

செலவும் ரிப்போர்ட்டும்

தனியாரில் கட்டணம் இடத்துக்கு இடம் மாறும். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளில் குறைந்த கட்டணத்தில் ஸ்கேன் மையங்களை நடத்துகிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், அதில் எடுக்க முடியுமா என்று அங்கேயே கேளுங்கள். பழைய ஃபிலிம்களைத் தூக்கிப் போடாதீர்கள். ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

ரிப்போர்ட்டைப் பிரித்து கூகுளில் தேடிப் பதறவும் வேண்டாம். வலியே இல்லாத ஐம்பது வயதுக்காரர்களுக்கும் டிஸ்க் தேய்மானம் படத்தில் தெரியும். எது வலிக்குக் காரணம் என்பதைக் கையைத் தொட்டுச் சோதித்த டாக்டர்தான் சொல்ல முடியும். பெரியப்பாவுக்கு மூளையில் எந்தப் பிரச்னையும் இல்லை. கழுத்தில் ஒரு டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்தியிருந்தது. ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம், பிசியோதெரபி போதும் என்றார் டாக்டர்.

உங்கள் வீட்டில் யாருக்காவது எம்.ஆர்.ஐ எழுதிக் கொடுத்திருந்தால், முந்தின நாள் ராத்திரி பத்து நிமிஷம் அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். என்னென்ன வேலை பார்த்தார்கள், எங்கே அடிபட்டது, எந்த ஆபரேஷன் நடந்தது என்று கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். மறுநாள் படிவத்தோடு அந்தத் தாளையும் நீட்டுங்கள். அப்பா, பெரியப்பாக்கள் மறந்துபோன இருபது வருஷத்துக் கதை ஏதாவது அதில் இருக்கலாம்.