பதினோராவது படி

"திருநெல்வேலிக்குப் போகிறேன்" என்று சொன்னால் போதும், அக்கம்பக்கத்துப் பெண்கள் "அல்வா மறந்துடாதீங்க மாமி!" என்பார்கள். எனக்கோ பிறந்த ஊர் என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஆறுதான். அந்த அல்வாவின் ருசிக்கே தாமிரபரணித் தண்ணீர்தான் காரணம் என்று எங்கள் ஊரில் அடித்துச் சொல்வார்கள்!

நீச்சல் குளம் என்று தனியாக எதையும் நாங்கள் அறிந்ததில்லை. தெருக்கோடிப் படித்துறைதான் எங்களுக்கு எல்லாம். அகலமான கல் படிகள், ஓரத்தில் ஒரு கல் மண்டபம், பெண்களுக்கென்று ஒதுங்கினாற்போல் ஒரு துறை. என் ஆச்சி இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டி, "ஏட்டி, பயப்படாம காலை அடி!" என்று தண்ணீரில் விட்டபோது எனக்கு ஏழு வயசு. கோடை விடுமுறை முடிவதற்குள் குடுக்கை இல்லாமலே நீந்தினேன். பிள்ளை பெற்றவளுக்கு என்ன கஷாயம், யார் வீட்டில் என்ன விசேஷம், எல்லாப் பேச்சும் மஞ்சள் உரசும் கல்லைச் சுற்றித்தான் நடக்கும்.

சென்ற மே மாதம் மகளையும் ஏழு வயசுப் பேத்தியையும் கூட்டிக்கொண்டு போனேன். படித்துறையைப் பார்த்ததும் திகைத்துவிட்டேன். நாலு படிதான் வெளியே தெரிந்தது. மற்றதெல்லாம் மண்ணும் புதரும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய பேய்மழை நினைவிருக்கிறதா? காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பெய்ததே! அந்த வெள்ளம் கொண்டுவந்து போட்ட மண். அதன்மேல் நாம் போட்ட பாலிதீன் பைகளும் பழந்துணியும்.

"ஆச்சி, நீங்க நீச்சல் படிச்ச இடம் இதுவா?" என்று பேத்தி மூக்கைப் பொத்திக்கொண்டாள். எனக்குத் தொண்டை அடைத்தது.

என் தம்பி மனைவி சிரித்தாள். "வருத்தப்பட்டா மண்ணு தானா போயிருமா மதினி? ஞாயித்துக்கிழமை தெருவே இறங்குது. நீங்களும் வாங்க."

சாந்துச்சட்டி வரிசை

ஆண்கள் மண்வெட்டி பிடித்தார்கள். பெண்கள் வரிசையாக நின்று சாந்துச்சட்டியைக் கை மாற்றினோம். நடுவில் நீர்மோரும் சுண்டலும். மண்டபத்துக் கல்லை மட்டும் யாரும் தொடவில்லை. பழைய கட்டடத்தை நாமாகப் பெயர்ப்பதோ, சிமெண்ட் பூசுவதோ கூடாது, அது விஷயம் தெரிந்தவர்கள் செய்ய வேண்டிய வேலை என்று பெரியவர் ஒருவர் முதலிலேயே சொல்லிவிட்டார்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை பதினோராவது படி தெரிந்தது. அதன் ஓரத்தில், நடுவில் குழிந்த அந்த மஞ்சள் கல்! எத்தனை கை உரசி உரசி விழுந்த குழி அது! தொட்டுப் பார்த்தபோது ஆச்சியின் கையையே தொட்டாற்போல் இருந்தது.

பேத்தி உடனே பாவாடையைத் தூக்கிக்கொண்டு இறங்கப் பார்த்தாள். மதினி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். சற்று மேலே ஒரு சாக்கடை ஆற்றில் கலக்கிறது. "படி கெடைச்சிட்டு மதினி. தண்ணி இன்னும் கெடைக்கல" என்றாள்.

அதுதான் உண்மை. படியை நம் கையால் மீட்கலாம். கழிவுநீரை நிறுத்த நகரமே முனைய வேண்டும். நதியைச் சுத்தம் செய்யவும், படித்துறைகளையும் மண்டபங்களையும் சீரமைக்கவும் கோரி எழுத்தாளர் முத்தாலங்குறிச்சி காமராசு வழக்குத் தொடுத்தார். 2024 நவம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகளே வந்து ஆற்றைப் பார்வையிட்டார்கள்.

இங்கிலாந்தில் பென்சான்ஸ் என்ற கடலோர ஊரில் 1935-ல் கட்டிய திறந்தவெளிக் கடல்நீர்க் குளம் 2014-ல் புயலில் சிதைந்தது. ஊர்மக்கள் விடவில்லை. அரசுப் பணமும் சேர, 2016-ல் மீண்டும் திறந்தார்கள். பிறகு பங்கு வாங்கி ஊராரே அதற்குச் சொந்தக்காரர்கள் ஆனார்கள். அவர்களால் முடியும்போது நம்மால் முடியாதா?

மருத மரத்தடியில்

பேத்தியின் வாட்டம் தீர, மறுநாள் வீரவநல்லூர் வழியாகத் திருப்புடைமருதூர் போனோம். கடனாநதி தாமிரபரணியில் கலக்கும் இடம். நாறும்பூநாதர் கோயில், படித்துறை, ஓங்கிய மருத மரங்கள், கிளையெல்லாம் பறவைகள். அந்தப் பறவைகளை ஊர்மக்களே காத்து வந்ததால்தான் 2005-ல் நாட்டின் முதல் பாதுகாப்புக் காப்பகமாக (கன்சர்வேஷன் ரிசர்வ்) இவ்வூர் அறிவிக்கப்பட்டது.

ஊர்ப் பெண்கள் காட்டிய இடத்தில், இடுப்பளவு நீரில் பேத்தியை ஏந்திப் பிடித்தேன். "காலை அடி!" என்றேன். என் ஆச்சியின் குரல் எனக்கே கேட்டது. கரையில் நின்ற மகள் மெல்ல, "அம்மா, எனக்கும் சொல்லித் தர்றியா?" என்றாள். பட்டணத்தில் வளர்த்து, படிப்பெல்லாம் கொடுத்தேன். நீச்சலைக் கொடுக்க மறந்துவிட்டேனே!

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்:

* உள்ளூர்க்காரர்களைக் கேட்காமல் இறங்காதீர்கள். பாறையும் சுழலும் வெளியே தெரியாது.
* மழைக்காலத்திலும், அணையில் நீர் திறந்திருக்கும்போதும் குழந்தைகளை இறக்க வேண்டாம்.
* கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் இருக்க வேண்டும். சுரைக்குடுக்கையோ காற்றடித்த வளையமோ கட்டியிருந்தாலும் சரி.
* புண், காதில் சீழ் உள்ள குழந்தைகளைக் கரையிலேயே நிறுத்துங்கள். ஆற்றுநீரைக் குடிக்க விடாதீர்கள்.
* சோப்பும் ஷாம்பும் வேண்டாம். பரிகாரம் என்று பழந்துணியை ஆற்றில் விடவே விடாதீர்கள். எந்தச் சாமியும் அதைக் கேட்கவில்லை!

நேற்று மதினி போனில் பேசினாள். இன்னும் இரண்டு படி வெளியே வந்திருக்கிறதாம். சாக்கடைக்காகத் தெருப் பெண்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்திருக்கிறார்களாம். "அடுத்த மே மாசம் வரும்போது சுரைக்குடுக்கை கொண்டாங்க" என்றாள்.

மாடித் தோட்டத்தில் சுரை விதை ஊன்றியிருக்கிறேன்.