புக்கிட் லிந்தாங்கில் பிறந்த கேள்வி

மலாக்காவுக்கு வருகிறவர்கள் சிவப்புக் கட்டடத்தையும் பழைய கோட்டை வாசலையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அடுத்த முறை பிள்ளைகளோடு வரும்போது, பட்டணத்தைத் தாண்டி புக்கிட் லிந்தாங் பக்கமும் போய் வாருங்கள்.

அங்கே பெரிய காட்சி ஒன்றுமில்லை. ஆனால் 1896-ஆம் ஆண்டில் டான் சாய் யான் என்ற மலாக்காச் சீனர் சுமார் 40 ஏக்கரில் பால்மரக் கன்றுகளை நட்டது அங்கேதான். மலாயாவில் வியாபாரத்திற்காகப் போடப்பட்ட முதல் ரப்பர்த் தோட்டங்களில் ஒன்று அது. பிறகு ஜாசின் வட்டாரத்துப் புக்கிட் அசகானிலும் அவர் பெரிய தோட்டம் போட்டார்.

அவரை ஊக்கியவர் சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவின் இயக்குநர் ஹென்றி ரிட்லி. சட்டைப் பையில் ரப்பர் விதைகளோடு தோட்டக்காரர்களைத் தேடிப் போவாராம். 'கிறுக்கு ரிட்லி' என்று கேலி செய்தார்கள். மரம் சாகாமல் பால் எடுப்பது எப்படி என்ற கேள்வி அவரை விடவில்லை. பட்டையில் சாய்வாக வெட்டி, மறுமுறை அதே வெட்டின் ஓரத்தை மெல்லச் சீவினால் பால் பெருகும், மரமும் பிழைக்கும் என்று கண்டார். நம் தாய்மார்களின் கத்தி ஓடியது அந்த வழியில்தான்.

இதை ஏன் சொல்கிறேன்? சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஒரு மாணவி எழுந்து, "சார், எங்க பாட்டி ஏன் இருட்டிலேயே பால் வெட்டப் போனாங்க? வெயில் வந்ததும் போனா என்ன?" என்று கேட்டாள். பாடத்தை முடிக்கும் அவசரத்தில், "அது சோதனையில் வராது, உட்காரு" என்றேன். உண்மையில் எனக்கு விடை தெரியாது. என் தாயாரும் பால்மரம் வெட்டியவர்தான். விடியுமுன் அவர் பெரட்டுக்குப் போவதைப் பார்த்தே வளர்ந்தும், நான் ஒரு நாளும் அப்படிக் கேட்டதில்லை.

அன்றிரவு மனம் உறுத்தியது. புத்தகங்களைத் தேடிப் படித்தேன். இரவில் இலைகள் அதிகம் நீர் விடுவதில்லை. அதனால் பட்டைக்குள் உள்ள பால் குழாய்களில் அழுத்தம் ஏறி நிற்கும். வெயில் ஏற ஏற இலைகள் நீரை இழக்கும், அழுத்தம் தணியும், பாலும் குறையும்.

மறுநாள் அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு இதைச் சொன்னேன். "பாட்டிக்கு இது தெரியுமா, சார்?" என்றாள். "எப்போது வெட்டணும் என்று பாட்டிக்குத் தெரியும். ஏன் என்பதை நீ போய்ச் சொல்" என்றேன்.

விஞ்ஞானிகள் எங்கிருந்தோ வருகிறவர்கள் அல்லர். டான் ஸ்ரீ பி.சி. சேகர் 1929-இல் சிலாங்கூர், உலு பூலோவில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். 1966-இல் ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் ஆசிய இயக்குநரானார். 1973-இல் மகசேசே விருதும் பெற்றார்.

பெற்றோர்களே! இன்று நம் தோட்டங்கள் பலவற்றில் செம்பனை நிற்கிறது. அதன் பூவில் மொய்க்கும் சிறு வண்டைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். 1981-இல் கேமரூனிலிருந்து கொண்டுவரப்பட்ட இனம் அது. அதற்கு முன் தொழிலாளர்கள் கையால் மகரந்தம் தூவினார்கள். பிள்ளை 'ஏன்?' என்று கேட்டால், என்னைப்போல் 'உட்காரு' என்று சொல்லிவிடாதீர்கள். "எனக்கும் தெரியவில்லை, வா தேடுவோம்" என்று சொல்லுங்கள்.